விடிந்த பிறகு ஏறுங்கள்



சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் நின்று பாருங்கள். மெட்ரோ தூண்களுக்குக் கீழே டெம்போ டிராவலர்கள் நிற்கும். முதுகில் பை, நெற்றியில் டார்ச், காலில் புது ஷூ என்று இளைஞர் கூட்டம். ஐ.டி. பிள்ளைகள் உண்டு, பள்ளிக்கூட ஆசிரியர்கள் உண்டு, குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த தம்பதிகள் உண்டு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் வெள்ளியங்கிரி என்பார் ஒருவர், சதுரகிரி என்பார் இன்னொருவர். அதிகம் காதில் விழுகிற பெயர் பர்வதமலை.

எனக்கு இதில் சந்தோஷம்தான். நம் பகுதி ஏரியும் வயலுமாக இருந்து வீடாகிப்போன தட்டை நிலம். மலை என்று கைநீட்டிக் காட்ட பரங்கிமலையும் திருநீர்மலையும்தான் இருக்கின்றன. வாரம் முழுக்கப் போரூர் சிக்னலில் கிளட்சை மிதித்துத் தேய்ந்த கால்கள் ஒரு நாளாவது மேல்நோக்கி நடக்கட்டுமே. ஆனால் ஒரு குறை இருக்கிறது. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்காகவே எடுத்துக்கொள்கிறேன். இந்த வேன்களில் பல, பின்னிரவில் மலையடிவாரம் சேர்ந்து, இருட்டிலேயே ஆட்களை மலையில் ஏற்றிவிடுகின்றன. உச்சியில் சூரியோதயம் பார்க்க வேண்டுமாம். பார்ப்பதைவிடப் படம் எடுத்துப் போடுவது முக்கியம் என்பது உங்களுக்கும் தெரியும்.

பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில், ஜவ்வாது மலைக்கு அருகே தனித்து நிற்கிறது. நமக்கு வழி சுலபம். பூந்தமல்லியில் ஆரணி பஸ் பிடித்து, அங்கிருந்து போளூர். போளூரிலிருந்து தென்மாதிமங்கலம் போகலாம், கடலாடியும் போகலாம். இரண்டு ஊரிலிருந்தும் ஏறும் பாதை உண்டு, மேலே போய் இரண்டும் ஒன்றாகிவிடும். உயரம் 4,500 அடிக்கு மேல். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும் இருக்கிறார்கள். ஸ்ரீசைலத்தில் இருக்கும் சுவாமிக்கும் அம்பாளுக்கும் இதே பெயர்கள்தான். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு இது என்று ஊரில் கதை சொல்வார்கள். தமிழ்நாட்டில் அப்படி விழுந்த துண்டுகள் இன்னும் சில இருக்கின்றன. நாம் அந்த வழக்குக்குள் போக வேண்டாம்.

நான் சொல்ல வந்த கதை வேறு. பத்துப்பாட்டில் கடைசியாக வருவது மலைபடுகடாம். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. 1889இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சேற்றியபோது எல்லோர் கைக்கும் வந்தது. செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னன் சேய் நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். சேயாற்றைச் சொல்கிறான். நவிரம் என்ற மலையையும் அதன் உச்சியில் உறையும் காரியுண்டிக் கடவுளையும் சொல்கிறான். காரி என்பது நஞ்சு, அதை உண்டவர் சிவபெருமான். நவிரம் இன்றைய பர்வதமலையே என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்வது.

பள்ளியில் இதைக் ‘கூத்தராற்றுப்படை’ என்ற மறுபெயரோடு இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்திருப்போம். இப்போது எடுத்து, மலையேறப் போகிறவன் கண்ணால் படித்துப் பாருங்கள். பாட்டின் பெரும்பகுதி வழித்துணைக் குறிப்பு. தினைப்புனத்தில் பன்றி வருமென்று குறவர்கள் கல்லால் பொறி வைத்திருப்பார்கள், அந்த வழியில் இருட்டில் போகாதீர்கள், நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள் என்கிறான் கூத்தன். குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும், பார்த்து நடங்கள் என்கிறான். பரண்மேல் நிற்கிற காவல்காரர்கள் யானையை விரட்டக் கவண்கல் விடுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். பாசி படிந்த வழுக்குப் பாதையில் எதைப் பற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது வரை வந்துவிடுகிறது. இவற்றுக்கு நடுவே, எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற தகவலும் உண்டு. நம் ஆட்கள் எந்தக் காலத்திலும் அதை மறந்ததில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாதை பிரிகிற சந்திகளில், நீங்கள் போன வழியைத் துடைத்துச் சீராக்கி, புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான் அந்தக் கூத்தன். ஊர் தெரியாத புதியவர்கள் பின்னால் வருவார்கள் அல்லவா, அவர்களுக்காக. இன்று அதே சந்திகளில் நாம் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுப்போவது குர்குரே பாக்கெட்டும் காலி தண்ணீர் பாட்டிலும்.

‘விடிந்த பிறகு’ என்ற அந்த ஒரு யோசனையைத்தான் இன்று கைவிட்டுவிட்டோம். பன்றிப் பொறி இப்போது இல்லை, சரி. பாம்பு இருக்கிறது. வழுக்குப் பாறை இருக்கிறது. பர்வதமலையில் முதல் பகுதி படிக்கட்டு, பிறகு கரடுமுரடான கற்பாதை, அதற்கும் மேலே கடப்பாரை நெட்டு. செங்குத்தான பாறையில் இரும்புக் கடப்பாரைகளை அறைந்து, சங்கிலி கோத்து வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் கிடையாது. பௌர்ணமி இரவில் இங்கே ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே சங்கிலியில் நெருக்கியடிப்பதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

எங்கள் வாசகர் குழுவோடு நான் போனபோது, விடியும் நேரத்தில்தான் அடிவாரத்தில் காலை வைத்தோம். வழிகாட்டக் கூட வந்தவர் தென்மாதிமங்கலத்துக்காரர், அறுபது வயது இருக்கும். தோளில் துண்டு, வெறுங்கால். மாடு மேய்த்த நாளிலிருந்து இந்த மலை பழக்கமாம். வழியில் அதிகம் பேசவில்லை. சப்தமுனிகளின் பெரிய சிலைகளுக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தவர், படிக்கட்டு முடியும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே நின்று எண்ணினார். ஆள் சரியாக இருக்கிறதா என்று எண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் எண்ணியது தண்ணீர் பாட்டில்களை. ஒரு பெண்ணிடம், “யம்மா, உங்கிட்ட அர பாட்டிலுதான் இருக்குது. இனிமே மேல போற வரைக்கும் கேட்டுக் குடி, வாய நனைச்சுக்கோ போதும்” என்றார்.

கடப்பாரை நெட்டில்தான் அவருடைய வித்தை தெரிந்தது. காலை எட்டு மணிக்கும் அந்த இரும்பு சில்லென்றிருந்தது. பனி ஈரம் வேறு. நம் ஆட்கள் எல்லோரும் பழக்கதோஷத்தில் சங்கிலியைத்தான் இழுத்துப் பிடித்தார்கள். “சங்கிலிய நம்பாதீங்க சார், அது ஆடும். கடப்பாரைய அடியில புடிங்க. ஒரு கை உட்டா இன்னொரு கை இருக்கணும். போனை உள்ள வைங்க” என்றார். செல்ஃபி எடுக்க முயன்ற பையனின் கையிலிருந்து போனை வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டார். பையன் ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தில் யாருக்கும் வாதம் செய்யத் தோன்றாது. அவர் ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு படி கீழே நின்று, எந்தப் பள்ளத்தில் கால் வைக்க வேண்டுமோ அந்தப் பாறையை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். கண் சொல்வதைவிட அந்தச் சத்தம் சரியாக வழி சொன்னது.

வழிகாட்டி என்று சொல்லிக்கொள்ளும் எல்லோரும் இப்படி இல்லை. வேன் ஏற்பாடு செய்கிறவர், டி-ஷர்ட் போட்டு முன்னால் நடக்கிறவர், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் எல்லோரும் இன்று ‘கைடு’. மலையின் பழக்கம் வேறு, கூட்டம் சேர்க்கும் திறமை வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து கிளம்பிய ஒரு குழுவும் அதில் இருந்தது. எல்லோரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்கள். 2015 மே மாதம் அமாவாசையன்று சதுரகிரியில் திடீர் மழைக்கு ஓடை பெருகி, பக்தர்கள் அடித்துச்செல்லப்பட்டு இறந்தார்கள். தீ எந்தப் பக்கம் திரும்பும், மேலே எங்கோ பெய்த மழை எவ்வளவு நேரத்தில் ஓடைக்கு வரும் என்பதெல்லாம் அந்த மலையிலேயே வாழ்பவருக்கு உடம்பில் இருக்கும் அறிவு.

குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத் துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, ஆன்லைனில் பதிவு செய்து, வனத்தை ஒட்டிய ஊர்களைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற இளைஞர்களோடு அனுப்புகிறார்கள். கட்டணம் அதிகம் என்று நண்பர்கள் முணுமுணுக்கிறார்கள். காட்டோரத்து இளைஞனுக்குச் சம்பளம் போகிறது என்றால் அது நியாயமான செலவு என்பது என் கட்சி. அதில் நமக்கு மிக அருகிலிருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிப் பக்கம் உள்ள குடியம் குகை. கற்கால மனிதர்கள் புழங்கிய இடம் அது. நம் பல்லாவரத்தில் 1863 மே மாதம் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய ராபர்ட் புரூஸ் ஃபுட் தேடித் திரிந்த பகுதி. குகைக்குள் இன்றும் ஊரார் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். முதன்முறை காட்டில் நடக்கப் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பர்வதமலைக்கு வருவோம். உச்சியில் இருக்கிற கோயில் சிறியது. கோபுரமும் பிரகாரமும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. பக்தர்கள் தங்கள் கையாலேயே லிங்கத்துக்கு அபிஷேகம் செய்து, பூ வைத்து, கற்பூரம் காட்டலாம். கீழே பெரிய கோயில்களில் கம்பிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தே பழகிய நமக்கு, கை நடுங்கும். எங்கள் குழுவில் பாலைச் சொம்பில் ஊற்றிக்கொண்டு நின்ற ஒரு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், ‘என்ன மந்திரம் சொல்லணும்’ என்று கேட்டார். “உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க சார்” என்றார் பெரியவர். மேலாளர் சத்தமாக நமசிவாய சொல்லி, அதன் பிறகு தன் பேரன் பேத்திகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார்.

நன்கு விடிந்து, பகல் வெளிச்சத்தில் அங்கே நின்றதால்தான் தெற்கே அண்ணாமலை தெரிந்தது. மலைபடுகடாம் அந்த மலையில் கேட்கும் ஓசைகளை, அருவியிலிருந்து யானை வரைக்கும், வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். நாங்கள் கேட்டவை காற்றும் குரங்கும், பிறகு யாரோ பையில் தொங்கவிட்டிருந்த புளூடூத் ஸ்பீக்கரும். அந்த ஸ்பீக்கரை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும்படி உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

சில வாசகர்கள், ‘எங்களுக்கு மூட்டு வலி, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்’ என்று எழுதுவார்கள் என்று தெரியும். மார்கழி முதல் நாளில் பர்வதமலையைச் சுற்றிக் கிரிவலம் நடக்கிறது. 1944இல் காஞ்சிப் பெரியவர் இந்த மலையை வலம் வந்ததை அங்கே இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் அதுவும் நீண்ட நடைதான். முட்டி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு சோளிங்கர் இருக்கிறது, 1,305 படிகளுக்குப் பதிலாக இப்போது ரோப் கார். ஏறிவிடலாம் என்று நம்பிக்கை உள்ளவர்கள் திருநீர்மலைப் படியில் ஒரு மாதம் காலை நேரத்தில் ஏறி இறங்கிப் பழகுங்கள். மேலே ரங்கநாதர், கீழே நீர்வண்ணப் பெருமாள், திருமங்கையாழ்வார் பாடிய தலம். பயிற்சிக்குப் பயிற்சி, சேவிக்கவும் ஆயிற்று.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மழை நாளிலும் கோடையின் உச்சத்திலும் வேண்டாம். ஏறவும் இறங்கவும் வனத் துறை விதிக்கும் நேரம் அவ்வப்போது மாறுகிறது, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இரவிலேயே அடிவாரம் சேர்ந்துவிட்டால் வேனிலேயே தூங்குங்கள், கிழக்கு வெளுத்த பிறகு ஏறுங்கள், பொழுது சாயும் முன் கீழே வந்துவிடுங்கள். அந்த ஊர் ஆள் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலி, போரூரில் நான்கு பேர் ஒரு வேளை பிரியாணி சாப்பிடும் பில்லைத் தாண்டாது. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். இறங்கிய களைப்பில் வேனைப் பார்த்து ஓடாமல், அவரையும் உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்