ஆச்சியின் பெயர்

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் மகள் தன் கணவருடன் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம். பிறக்கப்போவது பெண் குழந்தை என்று வைத்தியசாலையிலே சொல்லிவிட்டார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, பேர் முடிவு செய்திட்டம். வள்ளி எண்டு வைக்கப்போறம். உங்கட ஆச்சியின்ர பேர்" என்றாள்.

அந்தக் கணத்தில் நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, "இந்தக் காலத்திலை இந்தப் பேரோ?" என்ற சொற்கள்தாம் என் வாயிலிருந்து வந்தன. சொல்லி முடித்த பின்னரே, இதே சொற்களை முன்னொருமுறை என் தாயாருக்கு எழுதியவள் நான் என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

என் மகள் பிறந்தது 1998 ஜனவரியில். உறைமழை கொட்டி, மின்கம்பிகள் அறுந்து, மொன்றியல் மாநகரமே இருளில் மூழ்கிக் கிடந்த மாதம் அது. நாங்கள் அப்போது பார்க் எக்ஸ்ரென்சனில் இரண்டறை வீடொன்றில் இருந்தோம். பிள்ளை பிறப்பதற்கு முன்னரே ஊரிலிருந்து அம்மாவின் நீல நிற விமானக் கடிதம் வந்திருந்தது. பெண் பிள்ளையாயின் ஆச்சியின் பெயரை வைத்தால் தன் மனம் ஆறும் என்று அம்மா எழுதியிருந்தார். இந்தக் காலத்தில் அந்தப் பெயரை வைத்தால் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நான் பதில் எழுதினேன். பின்னர் எண் சோதிடம் தெரிந்த ஒருவரைக் கேட்டோம். பிள்ளைக்கு 5 என்ற எண் பொருந்தும் என்றார் அவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும், "ஷா" என்று முடியும் ஒரு பெயரைச் செய்து வைத்தோம். அடுத்த கடிதத்தில் அம்மா பெயரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடைசி வரியில் மாத்திரம் அந்தப் புதிய பெயரை ஒருமுறை எழுதி, வெட்டி, மீண்டும் சரியாக எழுதி, பிள்ளை நீடு வாழ வேண்டும் என்று வாழ்த்தியிருந்தார்.

எங்கள் ஆச்சி வள்ளியம்மை. என்னை வளர்த்தவர் அவரே. எழுதப் படிக்க அதிகம் அறியாதவராயினும், சீதன உறுதியிலே கைநாட்டு வையாமல் தன் பெயரைத் தானே எழுதிக் கையொப்பமிட்டதைப் பெருமையுடன் சொல்லுவார். 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் எல்லாரும் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளியேறியபோது அந்த உறுதியும், ஆச்சியின் முகம் பதிந்த ஒரேயொரு புகைப்படமும் வீட்டோடு போயின. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அம்மா யாழ்ப்பாணத்தில் காலமானார். என்னால் போக முடியவில்லை. ஆச்சியிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அவரது பெயர் ஒன்றுதான். பெட்டியும் கடவுச்சீட்டும் இல்லாமல் கடல் கடந்து வரக்கூடிய ஒரே முதுசம் அது. அதையும் வேண்டாம் என்று நானே தள்ளிவிட்டேன்.

அதன் பயனை அனுபவிக்க நீண்ட காலம் செல்லவில்லை. மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, ஒவ்வொரு மாணவரும் தத்தம் பெயரின் கதையை எழுதி வரவேண்டும் என்று பிரெஞ்சு ஆசிரியை பணித்தார். ஹெயிற்றிப் பிள்ளைக்கு ஒரு கதை இருந்தது, கிரேக்கப் பிள்ளைக்குப் பாட்டனாரின் பெயர், வியட்நாமியப் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயர். "அம்மா, என்ர பேருக்கு என்ன கருத்து?" என்று என் மகள் கேட்டாள். கலைப் பட்டம் பெற்று, ஊரிலே மற்றவர் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் கற்பித்தவள் நான். என் பிள்ளையின் பெயருக்குப் பொருள் சொல்ல இயலவில்லை. "அதிர்ஷ்டம் எண்டு எழுது" என்றேன். அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

நிற்க, பெயர் என்பது எம்மிடையே வெறும் அடையாளமாக இருந்ததில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலால் அவன் பெயரன், அவள் பெயர்த்தி. மாமன் மாமியின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்ற வழக்கம் இருந்தமையால்தான், அப்பெயரைத் தாங்கிய பிள்ளைகளை வீட்டிலே ராசா என்றும் குஞ்சு என்றும் அழைத்தார்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளிலே "ஆதன்", "குவிரன் ஆதன்" என்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அரண்மனையிலே வாழாத எளிய மக்கள், தம் பானை தம்முடையதே என்று காட்டுவதற்குப் பெயரைக் கீறி வைத்தார்கள். பானை உடைந்தும் பெயர் எஞ்சியது.

யாழ்ப்பாணத்துக் கதை ஒன்றையும் நினைவூட்ட விரும்புகின்றேன். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, அமெரிக்க மிசனரிமார் தமது பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பெயர்களைச் சூட்டினார்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கிய அமெரிக்க அன்பர்களின் பெயர்கள் அவற்றுட் பல. "பாவலர் சரித்திர தீபகம்" (1886) எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னல்ட் ஆனார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை சார்ள்ஸ் வின்சிலோ ஆனார். ஆயினும் "சி. வை." என்றதும் சிறுப்பிட்டியும் அவர் தந்தையார் வைரவநாதருமே எம்மவர் நினைவுக்கு வருகின்றனர். தமிழகத்திலோ 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட சுவாமி வேதாசலம், மறைமலையடிகள் ஆனதோடு நில்லாமல், திருஞானசம்பந்தன் என்ற மகனை அறிவுத்தொடர்பு என்றும், மாணிக்கவாசகம் என்ற மகனை மணிமொழி என்றும் மாற்றினார். மிசனரிமாரும் அடிகளும் எதிரெதிர்த் திசையில் நின்றவர்கள். ஆனால் ஒரு பெயர் எவருடைய வரலாற்றைச் சுமக்க வேண்டும் என்பதை இரு சாராரும் நன்கு அறிந்திருந்தார்கள்.

நாம் வைத்த பெயர்களோ எவருடைய வரலாற்றையும் சுமக்கவில்லை. ஜன், ஷன், ஷிகா என்று முடியவேண்டும், எண் கூடிவர வேண்டும், வேறு எவரும் வைத்திருக்கக் கூடாது. இவையே எமது இலக்கணம். பஞ்சாங்கத்திலே இருபத்தேழு நட்சத்திரங்களின் நூற்றெட்டுப் பாதங்களுக்கும் முதலெழுத்துக் குறிக்கும் மரபாவது எம்முடையது. எண் சோதிடத்தை உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர் கீரோ (1866-1936) என்ற ஐரிஷ்காரர். ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்ணுக்காகத் தமிழ்ப் பிள்ளையின் பெயரை முறிக்கின்றோம் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

ஆங்கில எழுத்துக்காக முறித்த பெயரை இங்கே பிரெஞ்சு நாவல்லவா உச்சரிக்கின்றது! ஹகரம் பிரெஞ்சில் ஒலிப்பதில்லை. ஆகவே நாம் ஹரி என்று வைத்தால் அவர்கள் அரி என்கிறார்கள். வடவெழுத்தை நீக்கி வழங்குக என்று தொல்காப்பியர் விதித்ததைக் கியூபெக் மக்கள் அறியாமலே பின்பற்றுகின்றனர். என் மகளின் புதுமைப் பெயரும் பாடசாலையில் ஒருநாளாவது சரியாக அழைக்கப்பட்டதில்லை. பழம்பெயர் இவர்களுக்கு வாயில் வராது, புதுப்பெயர் வரும் என்பது நாமே கட்டிக்கொண்ட கற்பனை.

இந்நாட்டவரும் இதே வழியால் வந்தவர்கள்தாம். முன்னாளிலே கியூபெக் கத்தோலிக்கக் குடும்பங்களிற் பெண் பிள்ளைக்கு மரி என்றும், ஆண் பிள்ளைக்கு யோசேப் என்றும் முதற்பெயர் சூட்டி, ஞானப் பெற்றோரின் பெயரையும் சேர்த்து, அதன் பின்னரே அழைக்கும் பெயரை வைத்தார்கள். இடையிலே அவற்றையெல்லாம் கிழட்டுப் பெயர்கள் என்று ஒதுக்கினார்கள். இன்றோ புளோரன்ஸ், அலீஸ், ஆர்தூர், லெயோ என்ற கொள்ளுப்பாட்டி, கொள்ளுப்பாட்டன் காலத்துப் பெயர்கள் மீண்டும் முன்வரிசைக்கு வந்துவிட்டன. 1980 முதல் வைக்கப்பட்ட பெயர்களின் பட்டியலைக் கியூபெக் ஓய்வூதிய அமைப்பு வெளியிட்டு வருகின்றது. விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் அறிந்துகொள்வது நன்று. 1994 முதல் நடைமுறையிலுள்ள கியூபெக் குடியியற் சட்டக்கோவையின்படி பிறப்பை 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். எமது துடக்குக் கழிவோ 31ஆம் நாள்! ஆகவே பெயரை முன்னரே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரையோ தந்தையின் குடும்பப் பெயரையோ வைக்கலாம், இரண்டையும் இணைத்தும் வைக்கலாம். இதிலே நாம் கவனியாத ஒன்றுண்டு. ஊரிலே தந்தை பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். இங்கே முதலில் வந்திறங்கியவரின் தந்தை பெயரே குடும்பப் பெயராக உறைந்து, பேரப் பிள்ளைகள் வரை செல்கின்றது. பாட்டனார் இவ்வாறு பத்திரங்களிலே நிலைபெற்றுவிட்டார். பாட்டியாரின் பெயருக்கு எந்தப் பத்திரத்திலும் இடமில்லை. பேத்திக்குச் சூட்டினாலன்றி அது மறைந்தே போகும்.

இதனாற் பழம்பெயர்கள் எல்லாமே பொன் என்று நான் சொல்ல வரவில்லை. எமது ஊர்களிலே சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, நல்ல பெயரை விரும்பியபடி வைக்கும் உரிமைகூட மறுக்கப்பட்டிருந்தது. இழிவாக அழைப்பதற்கென்றே சுமத்தப்பட்ட பெயர்களை அவர்களின் பிள்ளைகள் உதறியது விடுதலை. அதை எவரும் குறைகூற முடியாது. பெண் பிள்ளைகள் போதும் என்பதற்காகவே தமிழகத்திலே வைக்கப்பட்ட "போதும்பொண்ணு" என்ற பெயரையும் பேத்திக்கு வைக்க வேண்டியதில்லை. பழமை மாத்திரம் ஒரு பெயருக்குத் தகுதியாகாது. "உன் பெயர் ஏன் இது?" என்று கேட்டால், பிள்ளை தலைநிமிர்ந்து சொல்வதற்கு ஒரு கதை இருக்க வேண்டும். அக்கதை உள்ள பெயருக்கு முதுமை வருவதில்லை.

மீண்டும் என் வீட்டுக்கு வருகின்றேன். என் கடைசி ஆயுதமாக, "பிரெஞ்சுக்காரருக்கு ளகரம் வராது, வள்ளியை வலி எண்டுதான் கூப்பிடுவினம்" என்றேன். மகள் சிரித்தாள். "பிழையாச் சொன்னால் திருத்துவம் அம்மா. நீங்கள் ரீச்சர்தானே, நீங்களே சொல்லிக்குடுங்கோ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் பிள்ளையாவது பள்ளிக்கூடத்திலை எழுத ஒரு கதை வேணும்" என்றாள். எனக்கு மறுமொழி இருக்கவில்லை.

அவர்கள் போன பின்னர், பழைய பழக்கத்தினால் ஒரு தாளிலே கீரோவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வீ 6, ஏ 1, எல் 3, எல் 3, ஐ 1. கூட்டினால் 14. ஒன்றும் நான்கும் ஐந்து. 1998இல் எந்த எண்ணுக்காக ஊரெல்லாம் தேடினோமோ, அந்த எண் ஆச்சியின் பெயரிலேயே இருந்திருக்கிறது. அம்மா கேட்டபோதே வைத்திருக்கலாம்.

அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் பிள்ளைப்பேறு நெருங்கியிருக்கலாம். பெயர்ப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னர், குடும்பத்திலே மூத்த பெண் எவராயினும் உயிருடன் இருந்தால் அவருக்குத் தொலைபேசி எடுங்கள். அவருடைய தாயாரின் பெயரையும், அந்தத் தாயாரைப் பெற்றவரின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைக்கு வைப்பதும் விடுவதும் பின்னர் உங்கள் விருப்பம். ஆனால் இன்றே கேளுங்கள். நாளைக்குச் சொல்ல அவர் இருப்பாரோ தெரியாது.