மழைக்கு முன்னே கடன் வேண்டும்

ஐப்பசி பிறக்குமுன் நம் பகுதி உழவரும் நெசவாளரும் ஒருங்கே வானத்தை நோக்குகின்றனர். உழவர் மழையை வேண்டுவர். நெசவாளர் பாவு உலர வெயிலை வேண்டுவர். இருவரும் நம் சங்கங்களின் அங்கத்தினர்களே. ஆதலால் பருவமழை முன்னறிவிப்பு, பத்திரிகையில் படித்து மடித்து வைக்கும் செய்தி அன்று. நிர்வாகக் குழு கூடி ஆராய வேண்டிய விஷயமாகும்.

வடகிழக்குப் பருவமழை குறித்து இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது தமிழ்நாடு, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, தென் உட்புறக் கர்நாடகம் ஆகிய ஐந்து பகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததாகும். இப்பரப்பில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் சராசரி மழை சுமார் 334 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 88 முதல் 112 வரை பெய்தால் 'இயல்பு' என்பர். நாகப்பட்டினத்தில் கொட்டி மல்லசமுத்திரத்தில் பொய்த்தாலும் கணக்கு இயல்பாகவே முடியலாம்.

நமக்குக் கடல் தொலைவு. வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே போதமலையும் கொல்லிமலையும் நிற்கின்றன. கரையோரத்தில் அடைமழை பெய்யும் நாளில் இங்கு வெறுந் தூறலோடு நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். புரட்டாசி மாலைகளில் இடியுடன் பெய்யும் மழையே நம் மானாவாரிக் காடுகளுக்குப் பெருந்துணை. மேலும், ஆண்டுக்கு ஆண்டு வேற்றுமையும் பெரிது. இப்பருவத்தில் தமிழகத்தின் சராசரி ஏறக்குறைய 440 மில்லிமீட்டராக இருக்க, 2016-இல் 168 மட்டுமே பெய்தது. 2021-இல் 700-ஐக் கடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றேன். ஏடுகளில் பிழை ஏதுமில்லை. ஆனால் கடன் மனுக்கள் வந்த தேதிக்கும் பட்டுவாடா நடந்த தேதிக்கும் இடையே மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. அந்நாட்களில் நல்ல மழை பெய்து, மண்ணும் காய்ந்துவிட்டிருந்தது. முதிய அங்கத்தினர் ஒருவர், "பணம் வந்திட்டதுங்க, ஈரம் போயிட்டதுங்களே!" என்றார். ஏட்டில் கையொப்பமிட்டுத் திரும்பினேன். அச்சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

மழையைத் தருவது சங்கத்தின் கையில் இல்லை என்பார் உண்டு. உண்மையே. ஆனால் மழை வரும்போது விதையும் பணமும் அங்கத்தினர் கையில் இருக்கச் செய்வது சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே மூன்று காரியங்களை வேண்டுகிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு மழைமானி வைத்துக் காலை எட்டரை மணிக்கு அளந்து குறித்து வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், நம் ஊரின் இயல்பு எது என்பதை நாமே அறிவோம்.

இரண்டாவது, மனுக்களை ஆவணியிலேயே பெற்று, புரட்டாசி முதல் வாரத்திற்குள் பட்டுவாடாவை முடிக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை மையம் வெளியிடும் மாவட்ட அறிக்கையைத் தவறாது அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். மழை வருமுன் எடுத்த பருத்தியையும் நனைந்த பருத்தியையும் ஒன்றாய்க் கலந்தால், ஏலத்தில் நல்லதும் விலை இழக்கும்.

மூன்றாவது, கைத்தறி அங்கத்தினர்க்கு நூலை முன்கூட்டியே வழங்க வேண்டும். மழை தொடங்கினால் பாவடியில் பாவு நீட்டிக் கஞ்சி போட இயலாது. தறிக்குழியிலும் நீர் ஊறும். தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. வெயில் உள்ளபோதே பாவு தயாராயிருந்தால், மழை நாட்களில் சில நாட்களேனும் தறி ஓடும்.

இவற்றுக்குப் புதிய சட்டமோ பெருந்தொகையோ தேவையில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் 'பருவமழை ஆயத்தம்' என ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்கும்படி கேட்பது அங்கத்தினர்களாகிய உங்கள் உரிமை.