ஆர்டர் வந்தாலும் வேலை நிச்சயம் இல்லை! சாப்ட்வேர் இண்டர்வியூவில் நடப்பது என்ன?

கோவில்பட்டி,

இளையரசனேந்தல் பஸ்சில் ஏறினால், மழை பற்றிய பேச்சுக்கு அடுத்தபடி காதில் விழுவது இதுதான்: "பையன் கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் முடிச்சுட்டான். இண்டர்வியூவுக்குப் போயிருக்கான்."

கரிசல் காட்டில் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டு, போதாததற்கு நகையையும் அடகு வைத்துப் படிக்க வைத்தவர்கள் இவர்கள். அந்த இண்டர்வியூவில் அப்படி என்னதான் கேட்கிறார்கள்?

நாலு அதிகாரிகள் உட்கார்ந்து, நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிடும் சமாச்சாரம் அல்ல இது. முதலில் பரீட்சை. கணக்கு, இங்கிலீஷ், புரோகிராம். வீட்டில் இருந்தே எழுதினாலும் காமிரா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு இருக்கும். அடுத்து நேர்முகம். "நீ எழுதிய புரோகிராமை வரி வரியாக விளக்கு" என்பார்கள். காலேஜில் செய்த பிராஜக்டைக் குடைவார்கள். காசு கொடுத்து பிராஜக்ட் வாங்கியவர்கள் இங்கேதான் திருதிரு என்று விழிக்கிறார்கள்!

இப்போது பதிலைச் சொல்லிக் கொடுக்க ஏ.ஐ. வந்துவிட்டது. கம்பெனிகளும் உஷாராகிவிட்டன. ஒரு சுற்றாவது நேரில் வரவழைத்துக் கேட்போம் என்று, மதுரையில் பிறந்த கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே 2025 ஜூனில் சொன்னார்.

பக்கத்திலேயே ஒரு கம்பெனி

இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு வசதி உண்டு. சங்கரன்கோவில் வழியாக தென்காசி போனால், அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. 2011-ல் அங்கே வந்தது. பட்டத்தை விடக் கைவேலையைத்தான் பார்ப்பார்கள். ரெயில் டிக்கெட் ரிசர்வேஷன், டாக்சி புக்கிங் மாதிரி ஒன்றைக் கொடுத்து, "இங்கேயே உட்கார்ந்து செய்து காட்டு" என்பது அவர்கள் பாணி. பிளஸ்-2 முடித்தவர்களுக்குத் தனிப் பள்ளியும் நடத்துகிறார்கள். அதில் பீஸ் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அதற்கும் பரீட்சை, நேர்முகம் எல்லாம் தாண்ட வேண்டும்.

சரி, எல்லாம் தாண்டி ஆர்டரும் வந்துவிட்டது. ஊருக்கே மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. அப்புறம்?

மைசூரில் நடந்தது

இன்போசிஸ் கம்பெனி 2022-ல் ஆர்டர் கொடுத்த பட்டதாரிகளை 2024 அக்டோபரில்தான் வேலைக்குச் சேர்த்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். மைசூரில் பயிற்சி. 2025 பிப்ரவரியில், உள்பரீட்சையில் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று முறை வாய்ப்புக் கொடுத்தோம், விதி எப்போதும் இதுதான் என்றது கம்பெனி. கம்பெனிக்கு அது விதி. கடன் வாங்கிப் படித்த பிள்ளைக்கு? அதே ஆண்டு ஜூலையில் டி.சி.எஸ்., சுமார் 12 ஆயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது.

இதற்கிடையே, "ஐம்பதாயிரம் கொடு, உள்ளே தள்ளிவிடுகிறேன்" என்று கிளம்பியிருக்கும் ஏஜெண்டுகள் வேறு! வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று பெரிய கம்பெனிகள் பகிரங்கமாகவே அறிவித்திருக்கின்றன.

கேள்வி கேட்பது கம்பெனியின் உரிமை மட்டும் அல்ல. என்றைக்குச் சேர வேண்டும், பயிற்சியில் எத்தனை பரீட்சை, தேறாவிட்டால் என்ன செய்வீர்கள், பாண்டு எழுதித் தரணுமா என்று பையனும் கேட்கலாம். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். மைசூரில் இருந்து பெட்டி படுக்கையுடன் திரும்பியவர்களிடம் இருந்ததும் ஆர்டர்தான்.