தூண் வந்தது, தாழ்வாரம் எங்கே?

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டு உள்தெருக்களில் நுழைந்தால், சீக்கிரமே ஒரு கிரேக்கத் தூண் எதிர்ப்படும். கார் நிற்கும் போர்டிகோவின் மூலைக்கு ஒன்று. உச்சியில் சுருள் சுருளாக இலை. சில வீடுகளில் அந்த இலைக்குத் தங்கநிறப் பெயின்ட். ‘எலிவேஷன் நல்லா வந்திருக்கு’ என்று கொத்தனாரும் சொல்வார், கிரகப்பிரவேசத்துக்கு வந்த மாமாவும் சொல்வார். கட்டடக்கலை படித்தவர்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள்: வண்டலூரைத் தாண்டி ஏதென்ஸ் எதற்கு?

அந்தச் சுளிப்பு நியாயமில்லை. கிரேக்கத் தூண் இந்தப் பக்கத்துக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு.

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸ் பிரபுக்களின் வரவேற்பறைகளில் கோலோச்சியது ரோகோகோ பாணி. சிப்பி, கொடி, சுருள், பொன்முலாம் என்று எல்லாமே வளைவு. சிப்பியும் கல்லும் பதித்துச் செய்யும் அலங்காரத்தின் பிரெஞ்சுப் பெயரிலிருந்துதான் அந்தச் சொல்லே பிறந்தது. நம் கல்யாண மண்டபங்களில் வரவேற்பு மேடையில் போடும் நாற்காலி — வளைந்த கால், சிவப்பு வெல்வெட், தங்கச் சாயம் — அந்த வம்சத்தின் பேரப்பிள்ளை. பிறகு காற்று மாறியது. எரிமலைச் சாம்பலுக்கடியில் கிடந்த பொம்பெயி நகரை 1748-இல் தோண்டத் தொடங்கினார்கள். ஏதென்ஸின் பழைய கட்டடங்களை ஸ்டூவர்ட், ரெவெட் என்ற இருவர் அளந்து வரைந்த நூலின் முதல் தொகுதி 1762-இல் லண்டனில் வெளிவந்தது. சுருள் போய் நேர்கோடு வந்தது. பொன் போய் வெள்ளை வந்தது. நியோகிளாசிக்கல் என்று பெயர் பெற்ற அந்த அலை, கப்பலேறி மதராசுக்கும் வந்தது.

1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தானை வீழ்த்திய வெற்றியைக் கொண்டாட எழுப்பியது. வடிவமைத்த ஜான் கோல்டிங்காம் தொழிலால் வானியலாளர். பரங்கிமலையிலும் கோட்டையிலும் சுட்ட பீரங்கியின் ஓசை வந்துசேரும் நேரத்தை வைத்து ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டவரும் அவரே. வெற்றிக் களிப்புக்குக் கட்டிய மண்டபத்தின் படிக்கட்டில்தான் பிற்காலத்தில் அண்ணா முதல் கருணாநிதி வரை தமிழ்நாடு தன் தலைவர்களுக்கு விடைகொடுத்தது.

எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் கதை இன்னும் சுவையானது. லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் கட்டிய செயின்ட் மார்ட்டின் ஆலயத்தைப் பார்த்து 1818-இல் இதைத் தொடங்கியவர் தாமஸ் டி ஹாவிலேண்ட் என்ற ராணுவப் பொறியாளர். வரைபடம் லண்டன் சாயல்தான். நிலமோ எழும்பூரின் ஈர நிலம். சாதாரண அஸ்திவாரம் நிற்காது. ஆகவே நம்மூர் முறையில் செங்கல் கிணறுகளை வரிசையாக இறக்கி, அவற்றின் மேல் ஆலயத்தை நிறுத்தினார்கள். 1821-இல் வேலை முடிந்தது. உள்ளே, உச்சியில் அதே சுருள் இலை கொண்ட 16 கொரிந்தியத் தூண்கள் நீலக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. அந்தக் கால மதராஸ் கட்டடங்களைக் கப்பலில் வந்தவர்கள் சலவைக்கல் என்றே நினைத்தார்கள். சலவைக்கல் அல்ல, செங்கல்லின் மேல் சுண்ணாம்புப் பூச்சு. கடல் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் சேர்த்து அரைத்துப் பூசி, பளபளக்கும் வரை தேய்த்தவர்கள் உள்ளூர்க் கொத்தனார்கள். பாரிசில் சிப்பி அலங்காரமானது. இங்கே சிப்பியே சுவரானது.

வெள்ளைக்காரனின் ஆசை மட்டும் என்றும் சொல்ல முடியாது. துபாஷி பச்சையப்ப முதலியாரின் அறக்கட்டளைப் பணத்தில் 1846 முதல் 1850 வரை எழுந்த பச்சையப்பன் மண்டபத்துக்கு முன்மாதிரி, ஏதென்ஸின் தீசியஸ் கோயில். பிராட்வே பக்கம் அது அடுக்குமென்றால் ஊரப்பாக்கத்துக்கும் அடுக்கும்.

ஆனால் அன்றைய தூணுக்கு வேலை இருந்தது. ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1790-களின் தொடக்கத்தில் தெற்கே சுற்றினார்கள். மாமல்லபுரத்தையும் மலைக்கோட்டைகளையும் ரொமான்டிக் மனம் சொக்கும் விதத்தில் வரைந்த அவர்கள், மதராசின் வெள்ளைக் கட்டடங்களையும் விடவில்லை. அந்தப் படங்களைப் பார்த்தால் விஷயம் புரியும். தூண் வரிசைக்குப் பின்னால் ஆழமான தாழ்வாரம். தாழ்வாரம் முழுக்க நிழல். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன் தூணோடு நின்றுவிடும். ஏதென்ஸ் தூணை மதராஸ் தன் சித்திரை வெயிலுக்குப் பழக்கிக்கொண்டது அப்படித்தான்.

இன்றைய எலிவேஷன் தூண் எதையும் தாங்குவதில்லை, எதற்கும் நிழல் தருவதில்லை. பாரத்தைச் சுமப்பது உள்ளே உள்ள கான்கிரீட் கம்பம். வெளியே தெரிவது அச்சில் வார்த்து ஒட்டிய சட்டை. மேற்கு வெயில் நேராகச் சுவரில் இறங்க, படுக்கையறை ஏசி இராத்திரியெல்லாம் ஓடுகிறது. அளவும் கெட்டுவிட்டது. கொரிந்தியத் தூணின் உயரம் அதன் விட்டத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பத்தடித் தூணுக்கு ஓரடி விட்டம் போதும். அதை இரண்டடிக்குப் பருக்கவைத்தால் வீடே கழுத்தில்லாத பயில்வான் மாதிரி ஆகிவிடுகிறது.

மனை சின்னது, தாழ்வாரத்துக்கு இடமேது என்பார்கள். நியாயம்தான். அப்படியென்றால் தூணை விட்டுவிட்டு, அந்தக் காசில் ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேடு போடலாம். இடம் இருப்பவர்கள் தெற்கிலோ மேற்கிலோ ஆறடி தாழ்வாரம் இழுத்து, அதற்குத் தூண் வைக்கட்டும். கிரேக்கத் தூணானாலும் சரி, காரைக்குடித் தேக்குத் தூணானாலும் சரி. வீட்டு பிளானில் கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் ஊரப்பாக்கத்தில் பீச் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குங்கள். கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தேவாலயம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.