டிரங்குப் பெட்டிக்குள் ஒரு சேலை

 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து, ஜெனரல் பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். கம்பளியும் குடத்துத் தண்ணீருமாக ஓடிவந்த ஊர் மக்களை நீலகிரி மறக்காது. அஞ்சலி செலுத்தும்போதும், ராவத் ராணுவத் தளபதியாக 2019 ஜனவரியில் சொன்ன ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ராணுவம் பழமையில் ஊறியது, ஒருபால் உறவையெல்லாம் அங்கே அனுமதிக்க முடியாது என்றார். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் தளர்த்தி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று சாத்திய கதவுக்குப் பின்னால் இன்னொருவரும் மாட்டிக்கொண்டார்: பெண் உடை உடுத்துவதில் நிம்மதி காண்கிற சிப்பாய். அவர் திருநங்கையாக இருக்க வேண்டியதில்லை. மனைவி மக்களோடு வாழ்பவராகவும் இருக்கலாம். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, அநாகரிகமான, இயற்கைக்கு மாறான இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. எது அநாகரிகம் என்பது மேலதிகாரியின் முகச்சுளிப்பைப் பொறுத்தது.

 இங்கே எழுத்தாளர் ஜேன் மாரிஸை நினைக்காமல் முடியாது. 1926-இல் ஜேம்ஸ் என்ற பெயரோடு பிறந்து, பிரிட்டிஷ் லான்சர் படைப்பிரிவின் அதிகாரியாக இத்தாலியிலும் பாலஸ்தீனத்திலும் இருந்தவர். தான் பெண் என்பது மூன்று நான்கு வயதிலேயே தெரிந்தும் வாய் திறக்கவில்லை. 1974-இல் வந்த 'கனன்ட்ரம்' நூலில் அந்த ராணுவ நாட்களை வாஞ்சையோடுதான் நினைவுகூர்கிறார். 1953-இல் 'டைம்ஸ்' நிருபராக எவரெஸ்ட் குழுவோடு போனவரும் இவரே. போட்டிப் பத்திரிகைகள் மோப்பம் பிடிக்காதிருக்க, பனி மோசம் என்று செய்தி அனுப்பினார். சிகரம் எட்டப்பட்டது என்பதே அதன் பொருள். ராணியின் முடிசூட்டு நாளன்று அது லண்டனில் அச்சேறியது. ரகசியம் காக்கும் திறமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? படைக்குத் தேவையான அந்த மனவுறுதியைச் சொந்தப் படைக்குப் பயந்தே ஒருவர் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

ரகசியம் உள்ள சிப்பாயை எதிரி மிரட்டிப் பணியவைப்பான் என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் மிரட்டுபவனுக்குப் பிடி கொடுப்பது சேலையல்ல, வேலை போய்விடும் என்ற பயம். அது வீண் பயமும் அல்ல. 2010-இல் கடற்படையில் சேர்ந்த ஷாபி, விடுப்பில் பாலின மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டதற்காக 2017-இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் நிலை வேறு; ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எத்தனை பேர் சேலை ஒளித்த பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்திருப்பார்கள்? பாரக்கில் கட்டுப்பாடு குலையும் என்பது அடுத்த வாதம். பாரக்கில் சீருடைதான், அதில் தகராறில்லை. ஆனால் கூர்க்கா படைப்பிரிவுகளில் தசைன் திருவிழா இரவுகளில் சிப்பாய்கள் பாவாடையும் வளையலுமாக மாருனி நடனம் ஆடியிருக்கிறார்கள். அதிகாரிகள் உட்கார்ந்து ரசித்திருக்கிறார்கள். ஊரே பார்க்கக் கட்டிய பாவாடை படையைக் குலைக்கவில்லை. ஒருவரும் பார்க்காமல் கட்டுவது எப்படிக் குலைக்கும்? தலைமையகம் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்: விடுப்பில், தன் வீட்டில் ஒருவர் என்ன உடுத்துகிறார் என்பது 46-ஆம் பிரிவுக்குள் வராது.