கோல்ஃப் வாத்தியாருக்கு ஒரு வக்காலத்து

ஆடத் தெரிந்தவன் ஆடுவான், தெரியாதவன் சொல்லிக்கொடுக்கப் போவான் என்றொரு நக்கல் உலகம் முழுக்க உண்டு. நம்மூரில் அதை இன்னும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்: “எதுவும் அமையலன்னா பி.எட். பண்ணிக்கோ.” மேடையேறிப் பாடினால் வித்வான், வீட்டில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தால் ‘பாட்டு டீச்சர்’. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் நாம் வைத்திருக்கும் உயர வித்தியாசம் சுத்த அபத்தம் என்பதுதான் என் வாதம்.

அதைச் சொல்ல, யாருக்கும் பரிதாபமே வராத ஒரு வாத்தியாரை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூட ஆசிரியருக்காவது செப்டம்பர் 5 அன்று ஏணி, மெழுகுவர்த்தி என்று உவமை கிடைக்கும். கோல்ஃப் வாத்தியாருக்கு அதுவும் கிடையாது. பணக்காரர் ஆட்டம். தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் புல்வெளி. தொப்பை வைத்த ஒரு பல் டாக்டருக்குப் பந்தை நேராக அடிக்கக் கற்றுத்தருவதில் என்ன பிறவிப் பயன் இருக்க முடியும்? நியாயமான கேள்விதான். இதற்கு ஒரு பதில் இருந்தால், மற்ற வாத்தியார்களுக்கும் சேர்த்தே இருக்கிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் ஹார்வி பெனிக் என்று ஒருவர் இருந்தார். 1904-இல் பிறந்தவர். எட்டு வயதில் அங்கே ஒரு கிளப்பில் கேடியாகச் சேர்ந்தார் (நம்மூர்க் கேடி இல்லை, ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர்). 1923-இல் அதே கிளப்பின் தலைமை வாத்தியார் ஆனார். போட்டிகளில் ஆடும் ஆசை அவருக்கும் இருந்தது. இளம் சாம் ஸ்னீட் பந்தை அடிப்பதைக் கண்ட பிறகு, நம் வேலை சொல்லிக்கொடுப்பதுதான் என்று முடிவுசெய்துவிட்டார்.

“பாத்தியா, தோத்துட்டுத்தானே வந்தான்” என்று நம் ஆட்கள் இங்கே குதிப்பார்கள். பொறுங்கள். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்.

பென் கிரென்ஷா, டாம் கைட் என்று இரண்டு பையன்கள் அவரிடம் வளர்ந்தார்கள். ஒருவனுக்குப் பாடம் நடக்கும்போது மற்றவன் பக்கத்தில் நின்று பார்க்க அவர் விடமாட்டார். ஒருவனுக்கு மருந்தாக இருப்பது மற்றவனுக்கு விஷமாகிவிடும் என்ற கவனம். கைட் 1992-இல் அமெரிக்க ஓபனை வென்றார். 1995 ஏப்ரல் 2 அன்று பெனிக் இறந்தபோது, அதற்குச் சில நாட்கள் முன்புதான் படுக்கையில் கிடந்தபடியே கிரென்ஷாவுக்குக் கடைசிப் பாடம் எடுத்திருந்தார். புதன்கிழமை இருவரும் ஆஸ்டினுக்குப் பறந்து வந்து அவர் உடலைச் சுமந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, 43 வயதில், கிரென்ஷா மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். பல பத்தாண்டுகளாக ஒரு சிவப்பு நோட்டில் பெனிக் எழுதிவைத்த குறிப்புகள் 1992-இல் புத்தகமாகி, அதிகம் விற்ற விளையாட்டு நூல்களில் ஒன்றாயின. இதைத் தோல்வி என்றால், அந்தத் தோல்வியில் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

ஆடுவதும் சொல்லித்தருவதும் இரண்டு தனித்தனித் தொழில்கள். இதற்கு கோல்ஃபிலேயே சாட்சி உண்டு. மட்டை வீசப்படும் பாதையில்தான் பந்து கிளம்பும், மட்டையின் முகம் பார்க்கும் பக்கம் அது வளையும் என்று பல காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பின்னர் ராடார் கருவிகள் வந்து அளந்தபோது கதை மாறியது. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான். அப்படியானால் பழைய மேதைகள் வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டு கையால் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்! கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. அடுத்தவர் உடம்புக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்லாக்குவது இன்னொரு வித்தை. அதற்கும் பயிற்சி வேண்டும், வருஷங்கள் வேண்டும்.

இன்னொருவர், ஹார்டி லவுடர்மில்க். நியூ மெக்சிகோவில் ஜால் என்ற சின்ன ஊரின் கோல்ஃப் வாத்தியார். அவரிடம் பதினைந்து வயதில் வந்த பெண் கேத்தி விட்வொர்த். சில காலம் சொல்லித்தந்துவிட்டு, ‘எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இனி பெனிக்கிடம் போ’ என்று அனுப்பிவைத்தார். விட்வொர்த் பின்னால் எல்.பி.ஜி.ஏ. போட்டிகளில் 88 வெற்றி பெற்றார். ஸ்னீடும் டைகர் வுட்ஸும் பி.ஜி.ஏ.யில் பெற்றது தலா 82. லவுடர்மில்க்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? தன் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்து, கைக்குக் கிடைத்த வைரத்தை இன்னொருவர் கையில் கொடுக்கிற மனசு எத்தனை சாம்பியன்களுக்கு இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு “அப்போ பேஷனைத் துரத்தினா போதும், வாழ்க்கை நிறைஞ்சிடும்” என்று ரீல்ஸ் போடுகிறவர்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. யாருக்கு நிறையும்? அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ.வின் விதிகளில் 1934 முதல் 1961 வரை வெள்ளையர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்ற பிரிவு இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின இளைஞரிடம் போய்ப் பேஷனைப் பற்றிப் பேசிப்பாருங்கள். பில் பவல் அப்படி ஒருவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்தில் இருந்து திரும்பியவருக்கு உள்ளூர் மைதானத்தில் இடமில்லை, முன்னாள் வீரருக்கான கடனும் கிடைக்கவில்லை. இரவில் காவல் வேலை பார்த்துக்கொண்டே ஒஹையோவில் ஒரு பண்ணையை வாங்கித் தன் கையாலேயே மைதானம் அமைத்தார். கிளியர்வியூ 1948-இல் திறந்தது. அவர் மகள் ரெனே பவல் எல்.பி.ஜி.ஏ.வில் ஆடிவிட்டு, அங்கேயே தலைமை வாத்தியாராகி, ராணுவத்தில் இருந்து வந்த பெண்களுக்குக் கற்றுத்தந்தார். நிறைவான தொழில் வாழ்க்கை அவர்களுக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் வாசலையே அவர்கள் கட்டவேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1991-இல் இந்தியன் ஓபனை வென்ற அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009-இல் வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்தவர். எந்த அகாடமியும் அவர்களைத் தேடி வரவில்லை. பை தூக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். எந்த மட்டையை எடுக்கலாம், காற்று எந்தப் பக்கம், புல் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று நாள் முழுக்க முதலாளிக்குச் சொல்கிறவன் கேடிதான். அதற்குப் பெயர் என்ன? பாடம்தானே! ஆனால் அவனுக்குக் கூலி பை தூக்கியதற்கு. ‘கோச்’ என்ற பட்டமும் அதற்குரிய சம்பளமும், கட்டணம் கட்டிச் சான்றிதழ் வாங்க முடிந்தவருக்கு.

சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தப்பான பாடம் முதுகெலும்பைக் கெடுக்கும். நேஷனல் கோல்ஃப் அகாடமி ஆஃப் இந்தியா கற்பிப்பவர்களுக்குப் பயிற்சி தருவது நல்ல காரியம். கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு கிளப்பும் வருஷத்துக்கு இரண்டு கேடிகளின் கட்டணத்தைக் கட்டி, அந்த நாட்களின் கூலியையும் கொடுத்து, அவரவர் மொழியில் பாடம் நடத்தி அனுப்பட்டும். உறுப்பினராகச் சேர லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களுக்கு இது ஒரு செலவே இல்லை.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். அடுத்த முறை தெரிந்த பையன் யாராவது “கோச்சாப் போறேன்” என்றால், “ஆட முடியலையா?” என்று கேட்காதீர்கள். “யாருக்குச் சொல்லித்தரப்போற, எவ்வளவு தருவாங்க?” என்று கேளுங்கள். அவனை ஒரு தொழில்காரனாக நினைத்துக் கேட்கிற கேள்விகள் இவைதான்.