மீன்பாசி ஏலமும் கடைசித் தண்ணியும்

பிசான நெல்லுக்குக் கடைசித் தண்ணி எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் பிடிக்கிற சமயத்தில் ஒரு நனைப்பு தவறினால் பாதி பதர்தான். தென்காசிப் பக்கம் எங்கள் குளத்தில் போன மாசியில் அந்தத் தண்ணி ஒரே ராத்திரியில் போச்சு. மீன்பாசி குத்தகைக்காரர் மடையைத் திறந்துவிட்டிருந்தார். கேட்டதுக்கு, "ஏலப் பணம் கட்டியிருக்கேன் சார். தண்ணி வடிஞ்சாத்தானே வலை இழுக்க முடியும்?" என்றார். கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் தப்பு அவர்மேல் மட்டும் இல்லை. வங்கியில் இருந்தவரை நிபந்தனை எழுதாத கடன் பத்திரத்தில் நான் கையெழுத்து வாங்கினதில்லை. இந்தக் குத்தகைத் தாளிலோ தொகை இருக்கு, தேதி இருக்கு. மடையைத் தொடாதே என்று ஒரு வரி கிடையாது.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீன் காலைக் கடிக்கிற அளவுக்குத் துள்ளுது. பொரி போடுவார்களே தவிர யாரும் வலை போட மாட்டார்கள். சாமி மீன் என்ற ஒரு சொல்லே அங்கே காவல். ஆனால் நம்ம குளத்து மீன் பிடித்துத் தின்பதற்கு. அதற்குப் பக்தி மட்டும் போதாது, பங்கீடும் வேண்டும்.

இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இறால் வலை கட்டும் இடத்தை, கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் நான்கு தங்களுக்குள் முறைவைத்துச் சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. 1958-இல் அரசு விதிமுறையும் அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. கோயில் முறையும் சட்டமும் கைகோத்தால் வழக்கம் நிலைக்கும் என்பதற்கு அது சாட்சி. சங்கத்துக்கு வெளியே பிறந்தவனுக்கு அங்கே இடமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நம்ம ஊர் பழைய கட்டுப்பாடுகளும் அப்படித்தானே, எத்தனை பேரைக் கரையிலேயே நிறுத்தி வைத்தது!

ஆகவே என் கட்சி இது: குளத்து மீனைப் பாசன சங்கத்திடமே விடுங்கள். விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000-லேயே வந்தாச்சு. சங்கம் தேர்தலோடு நின்றுபோகிறது. அறுப்பு முடியுமுன் மீனுக்காக மடை திறக்கக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக் கூடாது. அது நாட்டு விரால் குஞ்சையெல்லாம் விழுங்கிவிடும். நிலமில்லாத, தூண்டிலும் பறியும் வைத்துப் பிழைக்கிறவர்களுக்கும் சங்கத்தில் குரல் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் எங்கள் ஆயக்கட்டுக்காரர்களே முகம் சுளிக்கிறார்கள்.

அடுத்த ஏலத்துக்கு முன் மனு கொடுக்கப் போகிறோம். மடை பற்றிய வரியை நானே எழுதி வைத்திருக்கிறேன். தூண்டில்காரர் பற்றிய வரிக்கு இன்னும் பாதிப் பேர் கையெழுத்துப் போடவில்லை.